நாற்காலிக்காரர் விட்ட இடம்

"அக்கா, இப்பல்லாம் பிளாங்க்கே வர்றதில்ல தெரியுமா?" என்று போன வாரம் கவிதா போனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஏனோ சோறு இறங்கவில்லை.

கவிதா ஆண்டிமடத்துப் பெண். நான் வேலையை விட்டு வந்த பிறகு என் சீட்டில் உட்கார்ந்திருப்பவள். டாக்டர் பேசப் பேச இப்போது கம்ப்யூட்டரே டைப் அடித்துவிடுகிறதாம். காதில் சரியாக விழாத இடத்தில்கூட அதுவே யோசித்து ஒரு வார்த்தையைப் போட்டுவிடுகிறதாம். இவர்கள் ஒரு பார்வை பார்த்து அனுப்பினால் போதும். "உங்க காலத்துல ஒரு வார்த்தைக்கு எவ்ளோ மல்லுக்கட்டியிருப்பீங்க! அவ்ளோ இங்கிலீஷும் எப்படிக்கா கத்துக்கிட்டீங்க? எழுதிக் குடுங்க, புதுசா வந்த பொண்ணுங்களுக்குக் காட்டறேன்" என்றாள்.

எழுதுகிறேன். ஆனால் அவள் கேட்டது ஒன்று, என் மனசில் கிடப்பது இன்னொன்று. இரண்டும் கலந்துதான் வரும்.

எங்கள் வேலைக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன தொந்தரவு, என்ன கண்டுபிடித்தேன், என்ன மருந்து கொடுத்தேன் என்று ஒரு கருவியில் பேசி வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குரல் பெரம்பலூருக்கு வந்து சேரும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஓர் உரக்கடையின் மேல்மாடியில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். அவர் பேசியதைக் கேட்டு, அழகான கடிதமாக டைப் அடித்துத் திருப்பி அனுப்புவோம். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கீழே யூரியா மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும், மேலே நான் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. நோயாளிகளைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவர்களுடைய பெயரோ நோயோ இங்கே இருக்காது.

நான் பிறந்தது அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி, வாழ்க்கைப்பட்டது குரும்பலூர். படித்ததெல்லாம் தமிழ் மீடியம். தாவரவியல் டிகிரியும் டைப்ரைட்டிங் ஹையரும் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, "சும்மா இருக்கறதுக்குப் போயிட்டுத்தான் வாயேன்" என்று வீட்டுக்காரர் சொன்னார். போனேன். பயிற்சியில் எலும்பு, நரம்பு, மருந்து என்று எல்லாவற்றின் பெயரையும் தலையில் கொட்டினார்கள். தலைவலி வந்தது, அதற்கு என்ன மாத்திரை என்றும் தெரிந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் எடிட்டர் ஜமீலா மேடம். வி.களத்தூர்க்காரர். வளைகுடாவில் ரொம்ப வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் டைப் அடித்தது எதுவும் அவர் காதைத் தாண்டாமல் வெளியே போகாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தால் நம் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நம் ஹெட்போனை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, முக்காட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். காலடியில் ஒரு பெடல் இருக்கும். முன்பக்கம் மிதித்தால் குரல் ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். அவர் மூன்று தடவை கேட்பார். நான்காவது தடவை கேட்கவே மாட்டார். "மூணு தடவை கேட்டும் விளங்கலைன்னா, நாலாவது தடவை நம்ம ஆசைதான் கேக்கும், காது கேக்காது" என்பார்.

மூன்று தடவைக்குப் பிறகும் விளங்காத இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். எந்த நிமிஷத்தில் அது வருகிறது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அதுதான் பிளாங்க். டாக்டர் சொல்லாமல் விட்டாலும் அதே கோடுதான். நமக்கு ஒன்று தோன்றுகிறதே என்று நிரப்பக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே மேடம் எங்களிடம் சொன்னது இது. "பிளாங்க் விடறது அசிங்கம் இல்லம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறதுதான் அசிங்கம்."

டாக்டர்களுக்கு நாங்களாகவே பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். மூச்சு விடாமல் பேசுகிறவர் எக்ஸ்பிரஸ். பேசிக்கொண்டே எதையோ மெல்லுகிறவர் வெத்திலை. என் பங்குக்கு வந்தவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர்.

மற்ற டாக்டர்கள் நோயாளியை இன்ன வயசு ஆண், இன்ன வயசு பெண் என்று ஆரம்பிப்பார்கள். இவர் அப்படி ஆரம்பிக்க மாட்டார். "இந்த..." என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். பின்னால் சாய்வார். அவர் உட்கார்ந்திருக்கிற மர நாற்காலி கிறீச்சென்று முனகும். முனகல் முடிந்ததும் ஒரு வார்த்தை வரும். அந்த மனிதருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வார்த்தை. ஒருவர் கராலஸ், அதாவது வாய் ஓயாமல் பேசுகிறவர். ஒருவர் ரெட்டிசென்ட், கேட்டால்கூட வாயைத் திறக்காதவர். ஓர் அம்மாள் ஃபாஸ்டிடியஸ், எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிறவர். ஓர் ஆள் ஸ்டோயிக், வலியை வெளியே காட்டாதவர். நோயைப் பற்றிப் பிறகுதான் பேசுவார். முதலில் வந்தவர் எப்படிப்பட்ட மனுஷர் என்று சொல்லியாக வேண்டும் அவருக்கு.

இங்கிலீஷ் எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், இதுதான் பதில். அகராதி பார்த்தேன்தான். ஆனால் அகராதியில் பார்த்தது மறுநாள் காலை பல் விளக்குவதற்குள் மறந்துவிடும். அதனால் ஒரு வேலை செய்தேன். நாற்காலிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால், அது நம்மூரில் யாருக்குப் பொருந்தும் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவேன். துறையூர் பஸ்ஸில் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு வாயே திறக்காமல் போகிற கண்டக்டர்தான் எனக்கு ரெட்டிசென்ட். கழுவின தட்டையே மறுபடி கழுவுகிற என் ஓரகத்தி ஃபாஸ்டிடியஸ். இப்படி ஊரில் பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. ஆளைப் பார்த்தால் வார்த்தை வரும், வார்த்தையைக் கேட்டால் ஆள் வருவார். மறக்க வழியே இல்லை.

மற்ற பெண்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஆளுக்கொரு வார்த்தை சொல்லி, யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். டீ கொண்டு வருகிற கலியபெருமாளுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. "இன்னைக்கு எனக்கு என்ன பேருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒரு நாள் ஜோவியல் என்றோம். எப்போதும் கலகலப்பாக இருப்பவர் என்று அர்த்தம் சொன்னதும், டீயோடு ஒரு வடையும் வந்தது.

ஒரு தடவை இதனால் வினையும் வந்தது. நாத்தனார் மகளுக்கு உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு வரன். பையன் பெரம்பலூரில்தான் வேலை பார்க்கிறான், ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்லு என்றார்கள். பார்த்தேன். தங்கமான பையன், ஆனால் கூச்சத்தில் பேச்சு வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "எப்படிடி இருக்கான்?" என்று நாத்தனார் கேட்க, வேலை ஞாபகத்தில், "நல்ல பையன்தான் அண்ணி, கொஞ்சம் ரெட்டிசென்ட்" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வீடே எழவு வீடு மாதிரி இருக்கிறது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு மருந்து மாத்திரை ஏதும் இருக்கா மல்லிகா? இல்ல ஆயுசுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டார். டாக்டர் கடிதம் எழுதுகிறவள் வாயிலிருந்து வந்தால் அது வியாதிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விளக்கிச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணம் நடந்தது. இப்போது அந்தப் பையன்தான் வீட்டில் அத்தனை பேரையும் பேச விடாமல் பேசுகிறான்.

இத்தனை வார்த்தை சேர்ந்ததே தவிர, அதைப் பேச எனக்கு ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் வாழ்நாளில் யாரிடமும் நான் முழுசாக நாலு வரி இங்கிலீஷ் பேசியதில்லை. என் இங்கிலீஷ் எல்லாம் ஒரே ஒருவர் என் காதில் சொன்னது. அவருக்கு நான் இருப்பதே தெரியாது. அவருக்குச் சளி பிடித்தால் எனக்குத் தெரியும். அவர் அறைச் சுவரில் ஒரு கடிகாரம் ஓடுவது தெரியும். கடைசிக் கடிதத்தைப் பேசி முடிக்கிற நேரத்தில் ஒரு பெண் குரல் வந்து சாப்பிடக் கூப்பிடும். "இதோ" என்பார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் வருவது நின்றுபோயிற்று. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வழியில்லை. அது எனக்கு உறைத்த அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன். "என்ன, உங்க டாக்டர் திட்டிட்டாரா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். திட்டியிருந்தால்கூட நன்றாகத்தான் இருந்திருக்கும். என்னிடம் பேசியதாக இருந்திருக்கும்.

பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு நாள் "இந்த..." என்றார். நாற்காலி முனகியது. முனகல் முடிந்தது. வார்த்தை வரவில்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "இந்த அம்மாள்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு நோய்க்குப் போய்விட்டார். அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வெறும் ஆளாகவே வந்தார்கள். கொஞ்ச நாளில் யாருக்குமே அடைமொழி கிடையாது என்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் சாய்வார், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், ஒன்றும் வராது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாதாரண வார்த்தைகளும் போக ஆரம்பித்தன. நெஞ்சில் வைத்துக் கேட்கிற கருவியின் பெயர் வராமல், "அந்த... கேட்கிற..." என்று நிறுத்தினார். ஸ்டெதஸ்கோப்! மேல்மாடியில் உட்கார்ந்து நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். அவர் கொடுத்ததுதானே எல்லாம்? நான் சேர்க்கச் சேர்க்க அவர் இழந்துகொண்டே வந்தார்.

கை துடித்தது. நிரப்பி அனுப்பினால் கடிதம் பழைய மாதிரியே அழகாகப் போகும். யாருக்கும் தெரியாது. ஆனாலும் மேடம் காதைத் தாண்டிப் போகாதே. எழுந்து போய்ச் சொன்னேன்.

"மேடம், இவரு என்ன சொல்ல வர்றாருன்னு எனக்குத் தெரியுது. ஒரு இடத்துலகூட சந்தேகமில்ல. போட்டுடட்டுங்களா?"

அவர் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஹெட்போனைத் துடைத்தார். கண்ணை மூடினார். மூன்று தடவை கேட்டார். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொன்னார்.

"உனக்குத் தெரியுது, சரி. அவருக்குத் தெரியலையேம்மா. இந்தக் கடிதத்துல முக்கியமான சேதியே அதுதான்."

"அவருக்கு வேலை போயிடும் மேடம்."

"போவட்டும்."

"எப்படிங்க மேடம் இப்படிச் சொல்றீங்க? எத்தனை வருஷமா அவரு குரலைக் கேக்கறேன்..."

"மல்லிகா, இங்க பாரு. இன்னைக்கு அவருக்கு ஒரு கருவியோட பேரு வரலை. நாளைக்கு ஒரு மருந்தோட பேரு வராது, வேற பேரு வந்துடும். அவரு முன்னாடி ஒரு மனுஷன் சட்டையக் கழட்டிட்டு உக்காந்திருக்கான். அவனுக்கு யாரு பதில் சொல்றது? நீ நிரப்பி அனுப்பினா, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு அவரும் நினைச்சுக்குவாரு, படிக்கிறவங்களும் நினைச்சுக்குவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வார்டுல நான் பாத்திருக்கேன். பெரிய டாக்டரு தடுமாறுவாரு, நாங்க எடுத்துக் குடுப்போம். மரியாதைன்னு நினைச்சு செஞ்சோம். அது மரியாதை இல்லம்மா."

நான் அங்கேயே அழுதேன். அவர் தடுக்கவில்லை. கைக்குட்டையை நீட்டினார். ஹெட்போன் துடைக்கிற கைக்குட்டை, அழுகையிலும் அது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, "போ. இடம் விடு. அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார்.

இடம் விட்டேன். அவர் நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு, பக்கத்தில் நிமிஷம். வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும்போது கோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த டாக்டரின் கடிதங்களில் விடுபடுகிற இடம் கூடிக்கொண்டே போகிறது, நாங்கள் நிரப்புவதில்லை என்று மேடம் மேலிடத்துக்கும் எழுதினார். பதில் வரவில்லை. கடிதங்கள் மட்டும் பொத்தல் விழுந்த வேட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் அங்கே அவர் படித்துப் பார்ப்பாரே, இவள் யாரடா நம்மை இப்படிச் சந்தியில் நிறுத்துகிறாள் என்று நினைப்பாரே என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சில நாள் அவர் குரல் வரவில்லை. அவருடைய நேரத்துக்கு வேறொரு டாக்டரின் கடிதங்களைக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலை, வந்த வேலைகளில் அவருடைய டாக்டர் நம்பர் இருந்தது. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெடலை மிதித்தேன். கடிகாரம் கேட்டது. ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து, அவர் பேசினார். இங்கிலீஷில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"இது என் கடிதங்களை டைப் அடிப்பவருக்கு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளாக என் கடிதங்களில் நீங்கள் இடம் விட்டு வருகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மறுநாளே எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய் என்னைக் காட்டினேன். இந்த மாதத்தோடு நான் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நான் தடுமாறும்போது வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அன்பினால்தான். நீங்கள் ஒருவர்தான் கொடுக்கவில்லை. உங்களுக்கு அந்த வார்த்தைகள் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் என் வார்த்தைகளை எழுதியவர் அல்லவா? தெரிந்தும் நிரப்பாமல் விட்டீர்கள். நீங்கள் ஒரு மிகவும்..."

நிறுத்தினார். சாய்ந்தார். நாற்காலி முனகியது.

எனக்காக. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பொருத்திப் பார்த்தேனே தவிர, எனக்கு ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"மிகவும்..." என்றார் மறுபடியும். கடிகாரம் ஓடியது. கீழே உரக்கடையில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர் மெதுவாகச் சிரிப்பது கேட்டது.

"சரி. இங்கே என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். குரல் நின்றுவிட்டது.

மேடமும் கேட்டார். கண்ணை மூடி, மூன்று தடவை. மூன்றாவது தடவை முடிந்தும் ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. வந்த வேலை எதையும் அடிக்காமல் விடக் கூடாது என்பதால் அதையும் டைப் அடித்தேன். "நீங்கள் ஒரு மிகவும்" என்பதற்குப் பிறகு ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் நிமிஷத்தைக் குறித்தேன். கையெழுத்துக்காக அவருக்கே அனுப்பினேன். கெடு முடிந்ததும் எல்லாக் குரல்களையும் அழித்துவிடுவது வழக்கம். அதுவும் அழிந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பக் கேட்டால் போதும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். வார்த்தைகூட வேண்டாம், அந்த நாற்காலிச் சத்தம் போதும்.

மேடம் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வார். நாற்காலிக்காரரைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எத்தனை வார்த்தை மிச்சம் இருக்கிறது, தெரியாது. நான் இன்னும் புது வார்த்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு புது வார்த்தையையும் முதலில் அந்தக் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்ப்பேன். சில பொருந்துகிற மாதிரி இருக்கும். அவர் குரலில் சொல்லிப் பார்த்தால் பொருந்தாது.

இதையெல்லாம் நேற்று போனில் கவிதாவிடம் சொன்னேன். பிறகு, "அக்கா, இருங்க, அந்த வரிய எங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன்" என்றாள். தட்டுகிற சத்தம் கேட்டது. "ஐ, டக்குனு போட்டுடுச்சுக்கா! நல்ல வார்த்தைதான். சொல்லட்டுமா?"

"வேணாம் கவிதா."

"ஏங்க்கா? இத்தனை வருஷமாத் தேடறீங்க."

"அழிச்சுடு. சொல்லாத."

என்ன நினைத்தாளோ, அழித்துவிட்டேன் என்றாள். வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சை மாற்றினாள். நல்ல பெண். அவளுக்கு நான் எப்படிச் சொல்வேன்? அந்த இடம் காலியாக இருக்கிற வரைக்கும், அவர் நாற்காலியில் சாய்ந்து எனக்காக இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.